மாதம் ஒரு சனிக்கிழமை, கட்டணம் இல்லை, சான்றிதழ் இல்லை: வெப் டெக்னாலஜி 'மீட்-அப்' என்றால் என்ன? ஏலாக்குறிச்சி மாணவருக்கு அது ஏன் தேவை?

"நாலு வருஷம் கம்ப்யூட்டர் சயின்ஸ் படிச்சாச்சு. ஆனா சொந்தமா ஒரு வெப்சைட்கூட செஞ்சதில்ல." சிறிய ஊர்களில் கல்லூரி முடித்து வரும் இளைஞர்களிடம் அடிக்கடி கேட்கும் புலம்பல் இது.

இதே நேரத்தில், சென்னையிலும் விழுப்புரத்திலும் வேறு ஒன்று நடந்துகொண்டிருக்கிறது. சனி, ஞாயிறுகளில் இருபது முப்பது பேர் ஓர் அறையில் கூடுகிறார்கள். ஒருவர் லேப்டாப்பைத் திறந்து தான் செய்த வேலையைக் காட்டுகிறார். மற்றவர்கள் கேள்வி கேட்கிறார்கள். முடிந்ததும் டீ குடித்துவிட்டுக் கலைகிறார்கள். ஒரு பைசா செலவில்லை.

இதற்குப் பெயர்தான் டெக் மீட்-அப். இது எப்படி இயங்குகிறது, யார் நடத்துகிறார்கள், அரியலூர் மாவட்டத்தில் கொள்ளிடக் கரையோரம் இருக்கும் ஏலாக்குறிச்சி போன்ற ஊரில் இருப்பவர்களுக்கு இதனால் என்ன பயன்? விரிவாகப் பார்க்கலாம்.

மீட்-அப் என்றால் என்ன?

ஒரே தொழில்நுட்பத்தில் ஆர்வம் உள்ளவர்கள் குறிப்பிட்ட நாளில், குறிப்பிட்ட இடத்தில் கூடிப் பேசுவதுதான் மீட்-அப். பெரும்பாலும் மாதம் ஒருமுறை நடக்கும்.

இது டியூஷன் சென்டர் கிடையாது. ஆசிரியர் - மாணவர் என்ற பிரிவு இல்லை. இன்றைக்குப் பேசுபவர் அடுத்த மாதம் பின்வரிசையில் உட்கார்ந்து கேட்பார். கட்டணம், தேர்வு, சான்றிதழ் எதுவும் இல்லை. பத்து வருட அனுபவம் உள்ள டெவலப்பரும், நேற்றுதான் முதல் முறையாக கோடிங் எழுதிய மாணவியும் பக்கத்துப் பக்கத்து நாற்காலியில் இருப்பார்கள்.

இதன் சிறப்பே இந்த இரண்டு பேரும் பேசிக்கொள்வதுதான்.

இந்தப் பழக்கம் எங்கே தொடங்கியது?

1975-ம் ஆண்டு மார்ச் 5-ம் தேதி. அமெரிக்காவின் கலிபோர்னியாவில் மென்லோ பார்க் என்ற ஊரில், ஒரு வீட்டு கார் ஷெட்டில் கணினிப் பிரியர்கள் சிலர் கூடினார்கள். 'ஹோம்ப்ரூ கம்ப்யூட்டர் கிளப்' என்ற அந்தக் குழுவின் கூட்டங்களுக்கு வந்தவர்களில் ஒருவர் ஸ்டீவ் வோஸ்னியாக். தான் வடிவமைத்த கணினியின் வரைபடத்தை அங்கே இருந்தவர்களுக்கு இலவசமாகக் கொடுத்தார். அதுதான் பின்னாளில் 'ஆப்பிள் 1' ஆனது.

வெப் வந்த கதையிலும் இந்தப் பகிர்வு உண்டு. டிம் பெர்னர்ஸ்-லீ 1989-ல் முன்மொழிந்த 'வேர்ல்டு வைடு வெப்' தொழில்நுட்பத்தை, அவர் வேலை பார்த்த ஐரோப்பிய ஆய்வு நிறுவனமான செர்ன், 1993 ஏப்ரல் 30-ல் எல்லோருக்கும் இலவசமாகத் திறந்துவிட்டது. யாரும் உரிமத் தொகை கட்ட வேண்டாம். எந்த வெப்சைட்டைத் திறந்தாலும் அதன் பின்னால் பிரவுசருக்கு வரும் கோடைப் பார்க்கலாம். அதனால் வெப் தொழிலில் ஒருவரைப் பார்த்து ஒருவர் கற்றுக்கொள்வது ஆரம்பத்திலிருந்தே இயல்பாகிவிட்டது.

'மீட்-அப்' என்ற சொல்லைப் பரவலாக்கியது 2002-ல் நியூயார்க்கில் தொடங்கிய மீட்அப் இணையதளம். 2001 செப்டம்பர் 11 தாக்குதலுக்குப் பிறகு, அக்கம்பக்கத்தில் இருப்பவர்கள் நேரில் சந்தித்துப் பேச வேண்டும் என்ற எண்ணத்தில் பிறந்தது அது.

தமிழ்நாட்டில் யார் நடத்துகிறார்கள்?

நம் ஊரில் இதற்கு இருபத்தைந்து ஆண்டுகளுக்கும் மேலான வரலாறு உண்டு.

* சென்னை லினக்ஸ் பயனர் குழு: 1998 ஜனவரி முதல் இயங்கி வருகிறது. மாதத்தின் இரண்டாவது சனிக்கிழமை கூட்டம். பல ஆண்டுகள் ஐஐடி மெட்ராஸின் விண்வெளிப் பொறியியல் துறை வகுப்பறையில் நடந்தது. கொரோனா ஊரடங்கின்போது இணையவழிக்கு மாறியது.

* சென்னைபை: பைத்தான் மொழியில் எழுதுபவர்களின் குழு. மாதத்தின் நான்காவது சனிக்கிழமை இவர்களுடையது.

* காஞ்சி லினக்ஸ் பயனர் குழு: காஞ்சிபுரத்தில் தொடங்கிய குழு. ஞாயிற்றுக்கிழமை இணையவழி உரையாடல்களைத் தமிழிலேயே நடத்துகிறது. எந்த ஊரில் இருந்தும் சேரலாம்.

* விழுப்புரம் லினக்ஸ் பயனர் குழு: பத்தாண்டுக்கும் மேலாக, கிராமப்புற, அரசுக் கல்லூரி மாணவர்களுக்கு இலவசமாகத் தொழில்நுட்பம் சொல்லிக் கொடுக்கிறது. படித்து முடித்து வேலைக்குப் போனவர்கள் திரும்பி வந்து அடுத்த செட் மாணவர்களுக்குச் சொல்லித் தருவது இவர்கள் வழக்கம்.

இவற்றோடு, 2012 முதல் கட்டற்ற மென்பொருள் பற்றித் தமிழில் கட்டுரைகளும் மின்னூல்களும் வெளியிடும் 'கணியம்' இருக்கிறது. 2006-ல் சென்னையில் நடந்த 'பார்கேம்ப்', யார் வேண்டுமானாலும் மேடையேறிப் பேசலாம் என்ற முறையை இங்கே பலருக்கு அறிமுகம் செய்தது. கூகுள் டெவலப்பர் குழுக்கள், வேர்ட்பிரஸ் குழுக்கள் ஆகியவையும் பல நகரங்களில் கூட்டம் நடத்துகின்றன.

இலங்கையில், போர் முடிந்த பிறகு யாழ்ப்பாணத்தில் உருவான 'யாழ் ஐடி ஹப்' இன்னொரு உதாரணம். வடக்கு மாகாண இளைஞர்களைத் தொழில்நுட்பத் துறைக்குக் கொண்டுவரத் தன்னார்வலர்கள் சேர்ந்து தொடங்கிய முயற்சி அது.

பட்டியலில் விழுப்புரத்தைக் கவனியுங்கள். அது ஐடி நகரம் அல்ல. அரியலூரும் விழுப்புரமும் ஒரே ரயில் பாதையில் இருக்கும் ஊர்கள். விழுப்புரத்தில் முடிந்தது அரியலூரிலும் முடியும்.

இரண்டு மணி நேரத்தில் என்னதான் நடக்கும்?

குழுவுக்குக் குழு மாறும். ஆனால் பொதுவான வடிவம் இதுதான்:

முதல் பத்து நிமிடம் அறிமுகம். பெயர், ஊர், என்ன செய்கிறீர்கள், அவ்வளவுதான்.

அடுத்து ஒரு பெரிய பேச்சு. 30 முதல் 45 நிமிடம். ஒருவர் தான் பயன்படுத்திய ஒரு கருவியையோ, தீர்த்த ஒரு சிக்கலையோ விளக்குவார்.

பிறகு 'லைட்னிங் டாக்' எனப்படும் குட்டிப் பேச்சுகள். ஐந்தே நிமிடம். முதல் முறை மேடையேறுபவர்களுக்காகவே வைத்தது போன்ற வடிவம் இது. சொதப்பினாலும் ஐந்து நிமிடத்தில் முடிந்துவிடும்; யாரும் தப்பாக நினைக்க மாட்டார்கள்.

கடைசியில் கேள்வி-பதில், டீ. வேலை வாய்ப்புத் தகவல், 'என் கோடு ஓட மாட்டேங்குது, கொஞ்சம் பாருங்க' போன்ற உதவி எல்லாம் பெரும்பாலும் இந்த டீ நேரத்தில்தான் நடக்கும்.

ஏன் மாதாமாதம்?

இங்கேதான் விஷயம் இருக்கிறது.

அண்ணா பல்கலைக்கழகத்தின் பொறியியல் பாடத்திட்டம் 2013, 2017, 2021 என நான்கு ஆண்டுகளுக்கு ஒருமுறை மாறியது. ஆனால் வெப் தொழில்நுட்பம் ஓடும் வேகம் வேறு. ஃபயர்ஃபாக்ஸ் பிரவுசர் 2020-லும், குரோம் 2021-லும், நான்கு வாரத்துக்கு ஒரு புதிய பதிப்பு என்ற கணக்குக்கு மாறின.

பாடத்திட்டத்துக்கு நான்கு ஆண்டு. பிரவுசருக்கு நான்கு வாரம். இந்த இடைவெளியில்தான் மாணவர்கள் மாட்டிக்கொள்கிறார்கள்.

இதற்குக் கல்லூரியை மட்டும் குறை சொல்ல முடியாது. பல்கலைக்கழகம் மாதாமாதம் பாடத்தை மாற்ற முடியாது, மாற்றவும் கூடாது. அடிப்படையை அது கற்றுத் தர வேண்டும். அந்த அடிப்படைக்கு மேல் இன்று தொழிலில் என்ன நடக்கிறது என்பதைச் சொல்ல, தொழிலில் இருப்பவர் ஒருவர் மாதம் ஒருமுறையாவது நேரில் வர வேண்டும். மீட்-அப் நிரப்புவது அந்த இடத்தைத்தான்.

'ஏலாக்குறிச்சி' - 7 எழுத்தா, 13 எழுத்தா?

மீட்-அப்பில் என்ன மாதிரி விஷயம் பேசுவார்கள் என்பதற்கு, ஏலாக்குறிச்சி என்ற பெயரையே உதாரணமாக எடுத்துக்கொள்ளலாம்.

ஏ, லா, க், கு, றி, ச், சி. ஒன்றாம் வகுப்புக் குழந்தையும் 7 எழுத்து என்று எண்ணிவிடும். ஆனால் ஜாவாஸ்கிரிப்ட்டில் இந்தச் சொல்லின் நீளத்தைக் கேட்டால் 13 என்று பதில் வரும்.

காரணம், யூனிகோடு முறையில் 'லா' என்பது 'ல' தனி, துணைக்கால் தனி. 'க்' என்பது 'க' தனி, புள்ளி தனி. 'ஏ' மட்டும் ஒன்று. மற்ற ஆறும் இரண்டிரண்டு. மொத்தம் 13.

சரி, இதனால் என்ன நஷ்டம்?

ஒரு ஆன்லைன் விண்ணப்பத்தில் 'ஊர்ப் பெயர் - அதிகபட்சம் 10 எழுத்து' என்று ஒருவர் கட்டம் வைக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். 7 எழுத்துள்ள ஏலாக்குறிச்சி அதில் முழுதாக ஏறாது. பாதியில் வெட்டிவிடும். ஆங்கிலத்தை மனதில் வைத்து எழுதிய கோடு, தமிழ் பெயரை வெட்டுவது இப்படித்தான்.

இதற்குத் தீர்வும் இருக்கிறது. மனிதர்கள் எண்ணுவது போலவே எழுத்தைப் பிரித்துக் கொடுக்கும் 'செக்மென்டர்' என்ற வசதி ஜாவாஸ்கிரிப்ட்டிலேயே உண்டு. 2024-ல் ஃபயர்ஃபாக்ஸும் அதைச் சேர்த்த பிறகு, முக்கியமான பிரவுசர்கள் எல்லாவற்றிலும் அது வேலை செய்கிறது.

ஐந்து நிமிட லைட்னிங் டாக்குக்கு இது போதும். இப்படி ஒரு பேச்சைக் கேட்டுவிட்டுப் போகும் மாணவி, நாளை ஓர் அரசு சேவைக்கான விண்ணப்பத்தை உருவாக்கும் வேலையில் உட்கார்ந்தால், அந்தக் கட்டத்தைச் சரியாக வைப்பார். சான் பிரான்சிஸ்கோவில் நடக்கும் மீட்-அப்பில் இந்தச் சிக்கல் பெரும்பாலும் பேச்சுக்கே வராது. தமிழில் பெயர் எழுதுபவர்கள் கூடும் இடத்தில்தான் வரும்.

வீரமாமுனிவர் வேலை பார்த்த ஊர்

தமிழ் எழுத்தைப் பற்றிப் பேச ஏலாக்குறிச்சியை விடப் பொருத்தமான ஊர் குறைவு. இத்தாலியில் 1680-ல் பிறந்து, தமிழ்நாட்டுக்கு வந்து, வீரமாமுனிவர் என்று பெயர் பெற்ற கான்ஸ்டன்டைன் ஜோசப் பெஸ்கி தங்கியிருந்த ஊர் இது. இங்குள்ள அடைக்கல மாதா ஆலயம் அவர் பெயரோடு சேர்த்தே நினைக்கப்படுகிறது. 'திருக்காவலூர்' என்று அவர் அழைத்ததும் இந்த ஊரைத்தான்.

பழைய ஓலைகளில் எகரக் குறிலுக்கு மேலே புள்ளி வைப்பார்கள். நெடிலுக்குப் புள்ளி இருக்காது. ஓலையில் புள்ளி குத்தினால் கிழியும் என்பதால் பல இடங்களில் விட்டுவிடுவார்கள். அப்போது எ எது, ஏ எது என்பது குழப்பம். இந்தக் குழப்பத்தைத் தீர்க்க எ-ஏ, ஒ-ஓ வேறுபாட்டை எழுத்தின் வடிவத்திலேயே காட்டும் சீர்திருத்தம் வீரமாமுனிவர் பெயரில் சொல்லப்படுகிறது. ஏலாக்குறிச்சி என்ற பெயரின் முதல் எழுத்தே அந்த 'ஏ'தான்.

1732-ல் அவர் தொகுத்த சதுரகராதி, செய்யுளாக இருந்த நிகண்டு முறையை விட்டு, சொற்களை அகர வரிசையில் அடுக்கியது. மனப்பாடம் செய்யாதவரும் சொல்லைத் தேடிக் கண்டுபிடிக்க வழி பிறந்தது. இன்றைய பாஷையில் சொன்னால், அது ஒரு 'சர்ச்' வசதி.

எழுத்தைப் படிப்பவருக்கு எளிதாக்குவது, தேடுவதை எளிதாக்குவது - இன்றைக்குத் தமிழ் வெப்சைட் செய்பவர்கள் முன் இருக்கும் வேலையும் இதுதான்.

யூடியூபில் பார்த்தால் போதாதா?

நியாயமான கேள்வி. ஜாவாஸ்கிரிப்ட் கற்றுத் தரும் இலவச வீடியோக்கள், தமிழிலேயே ஏராளமாக இருக்கின்றன.

ஆனால் வீடியோ உங்கள் லேப்டாப்பில் வரும் எரரைப் பார்க்காது. 'நீ தப்பான இடத்துல தேடுற' என்று சொல்லாது. உங்கள் பெயர் அதற்குத் தெரியாது. ஏஐ சாட்பாட் எரரைச் சரிசெய்து கொடுத்துவிடும். ஆனால் எந்தக் கம்பெனியில் ஆள் எடுக்கிறார்கள், அங்கே வேலை எப்படி இருக்கும், முதல் சம்பளத்தை எப்படிப் பேசுவது என்பதையெல்லாம் அந்த வேலையில் இருக்கும் அண்ணனோ அக்காவோதான் சொல்ல முடியும்.

சென்னையில் வளரும் மாணவருக்கு அப்படி ஓர் அண்ணன் பக்கத்துத் தெருவில் கிடைக்கலாம். தகப்பனார் கரும்போ நெல்லோ பயிரிடும் வீட்டில், குடும்பத்தில் முதல் பட்டதாரியாக வரும் மாணவருக்கு அந்த வாய்ப்பு குறைவு. அவருக்கு மீட்-அப் என்பது கோடிங் வகுப்பைவிட, தெரிந்த முகங்களைச் சம்பாதிக்கும் இடம்.

வேலை கிடைக்குமா?

நேரடியாக யாரும் உத்தரவாதம் தர மாட்டார்கள். தந்தால் சந்தேகப்படுங்கள்.

ஆனால் வேலைக்கான களம் மாறிவருகிறது. 2024-ல் விழுப்புரத்திலும் தஞ்சாவூரிலும் மினி டைடல் பூங்காக்கள் திறக்கப்பட்டன. ஏலாக்குறிச்சியில் இருந்து கொள்ளிடத்தைத் தாண்டித் திருவையாறு வழியாகப் போனால் தஞ்சாவூர். சென்னை 250 கிலோமீட்டருக்கும் அப்பால்.

அலுவலகக் கட்டடம் பக்கத்தில் வந்துவிட்டது. அதில் உட்காரப்போவது உள்ளூர்ப் பிள்ளைகளா, வெளியூரில் இருந்து வருபவர்களா என்பதுதான் இப்போதைய கேள்வி. தமிழ்நாடு அரசு 2022-ல் தொடங்கிய 'நான் முதல்வன்' திட்டம் கல்லூரி மாணவர்களுக்குத் திறன் பயிற்சி தருகிறது. அந்தப் பயிற்சியை முடித்தவர்கள் கற்றதை மறக்காமல் தொடர்ந்து பழக ஓர் இடம் வேண்டும். பெரம்பலூர், அரியலூர் மாவட்டங்களில் பொறியியல், கலைக் கல்லூரிகள் இருக்கின்றன. அண்ணா பல்கலைக்கழகத்தின் உறுப்புக் கல்லூரியும் அரியலூரில் இருக்கிறது. ஆட்களுக்குப் பஞ்சமில்லை. தேவை ஒரு தேதி.

சிறிய ஊரில் தொடங்குவது எப்படி?

* தேதியை முதலில் முடிவு செய்யுங்கள். 'மூன்றாவது சனிக்கிழமை மாலை 3 மணி' என்பது போல மாறாத நாள். ஒவ்வொரு மாதமும் 'எப்ப வைக்கலாம்?' என்று கேட்கும் குழு சீக்கிரம் கலைந்துவிடும்.

* ஐந்து பேர் போதும். முதல் கூட்டத்துக்கே அரங்கம் தேட வேண்டாம். நூலகம், பள்ளி வகுப்பறை, கல்லூரி லேப் என எது அனுமதியோடு கிடைக்கிறதோ அது.

* கடைசி பஸ்ஸை மனதில் வையுங்கள். கிராமத்துப் பெண்கள் வர வேண்டும் என்றால் கூட்டம் இருட்டுவதற்குள் முடிய வேண்டும். எங்கே, எத்தனை மணிக்கு முடியும் என்று முன்கூட்டியே சொன்னால் வீட்டிலும் அனுப்புவார்கள்.

* லேப்டாப் இல்லாதவரையும் கணக்கில் எடுங்கள். இரண்டு பேருக்கு ஒரு லேப்டாப் என்று உட்கார வைக்கலாம். செல்போன் பிரவுசரிலேயே எழுதிப் பார்க்கும் கோடிங் தளங்களும் உண்டு.

* தமிழில் பேசுங்கள். 'ஃபங்ஷன்', 'வேரியபிள்' போன்ற சொற்கள் அப்படியே இருக்கட்டும். விளக்கம் தமிழில் இருந்தால் கேள்வி கேட்கக் கூச்சம் வராது.

* மூன்று பேர் சேர்ந்து நடத்துங்கள். ஒரே ஆள் எல்லாவற்றையும் தூக்கிச் சுமந்தால், அவருக்குப் பெங்களூருவில் வேலை கிடைத்த அன்றே குழு முடிந்துவிடும். சிறிய ஊர்க் குழுக்களுக்கு இருக்கும் பெரிய ஆபத்து இதுதான்.

* வெளியூர் போனவர்களைக் கூப்பிடுங்கள். தீபாவளி, பொங்கல் விடுமுறைக்கு ஊருக்கு வரும் ஐடி ஊழியர் ஒரு மணி நேரம் ஒதுக்கினால் போதும். நேரில் முடியாதவர் வீடியோ காலில் பேசலாம்.

எதில் கவனம் தேவை?

மீட்-அப் என்ற பெயரில் கோர்ஸ் விற்பவர்களும் இருக்கிறார்கள். 'இலவச அறிமுக வகுப்பு' என்று அழைத்து, கடைசியில் ஆயிரக்கணக்கில் கட்டணம் கேட்டால், அது விற்பனைக் கூட்டம். வேலை வாங்கித் தருவதாகச் சொல்லி முன்பணம் கேட்டால் எழுந்து வந்துவிடுங்கள். ஆதார், வங்கி விவரம், அசல் சான்றிதழ் எதையும் கொடுக்கத் தேவையில்லை.

நல்ல குழுக்கள் நடத்தை விதிகளை எழுதியே வைத்திருக்கும். யாரையும் சாதி, பாலினம், ஆங்கிலம் தெரியாதது என்று எதைச் சொல்லியும் கேலி செய்யக் கூடாது. புகார் இருந்தால் யாரிடம் சொல்வது என்பது தெளிவாக இருக்க வேண்டும். அது இல்லாத இடத்தில் கேட்டு வாங்குங்கள்.

முதல் படி எது?

உங்கள் ஊரில் குழு இல்லையென்றால், முதலில் ஓர் இணையவழிக் கூட்டத்தில் சேர்ந்து சும்மா கேளுங்கள். இரண்டாவது முறை ஒரு கேள்வி கேளுங்கள். மூன்றாவது முறை ஐந்து நிமிடம் பேசுங்கள். அதற்குள் உங்கள் கல்லூரியில் இன்னும் நான்கு பேருக்கு ஆர்வம் வந்திருக்கும்.

அந்த ஐந்து பேருக்கும் அடுத்த மாதக் காலண்டரில் ஒரு சனிக்கிழமை இருக்கிறது. அதை வட்டமிட்டால் குழு தொடங்கிவிட்டது என்று அர்த்தம்.